"இன்னும் மாஸ்க் போடுறீங்களா?" – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். போக டவுன் பஸ், வர டவுன் பஸ். 2020-ல் போட்ட மாஸ்க்கை நான் இன்னும் கழற்றவில்லை. அதனால் பஸ்ஸில், கல்யாண வீட்டில், ரேஷன் கடை வரிசையில், ஆபீஸில் என்று எங்கே போனாலும் ஒரே மாதிரிக் கேள்விகள் வருகின்றன. நின்று பதில் சொல்ல அங்கே நேரம் இருப்பதில்லை. மாஸ்க்குக்குள் இருந்து பேசினால் பாதி காதில் விழுவதும் இல்லை. அதனால் எல்லாவற்றுக்கும் இங்கே பதில் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு டாக்டர்களிடம் போய்ப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டதும், படித்ததும், வீட்டில் நாங்கள் செய்வதும்தான் இதில் இருக்கின்றன.

கொரோனாதான் போயிடுச்சே?

போகவில்லை. 2023 மே 5-ம் தேதி உலக சுகாதார நிறுவனம், கொரோனாவுக்காக அறிவித்திருந்த சர்வதேச அவசரநிலையை விலக்கிக்கொண்டது. அன்றைக்குப் பலர் காதில் "கொரோனா முடிஞ்சுது" என்றுதான் விழுந்தது. கிருமி இன்னும் இருக்கிறது, ஆட்கள் இன்னும் சாகிறார்கள் என்பதையும் அந்த நிறுவனம் அப்போதே சொன்னது. அது யார் மனதிலும் நிற்கவில்லை. அதே வருஷம் டிசம்பரில் ஜேஎன்.1 என்ற புது வகை பரவியது. 2025 மே, ஜூனில் மறுபடி ஏறியது. நாடு முழுக்க சிகிச்சையில் இருந்தவர்கள் எண்ணிக்கை அப்போது 7,000-ஐத் தாண்டியது.

அதுவும் டெஸ்ட் எடுத்தவர்களை மட்டும் எண்ணிய கணக்கு. 2020-லும் 2021-லும் தெருமுனையில் காய்ச்சல் முகாம் போட்டு, வரிசையில் நிற்க வைத்து மூக்கில் குச்சி விட்டார்கள். இப்போது காய்ச்சல் என்று போனால் மூன்று நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்புகிறார்கள். "வைரல் ஃபீவர்" என்கிறோம். அதில் எத்தனை கொரோனா, எத்தனை ஃப்ளூ என்று பார்க்க ஆளில்லை.

எல்லாரும் எடுத்துட்டாங்க, நீங்க மட்டும் ஏன்?

அப்பாவுக்காக. 2018-ல் அவருக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. கொடுத்தது அம்மா. புதுச் சிறுநீரகத்தை உடம்பு வேற்றுப் பொருள் என்று நினைத்துத் தாக்காமல் இருக்க, காலையும் இரவும் கடிகாரம் பார்த்து மாத்திரை போடுகிறார். அந்த மாத்திரைகளின் வேலையே உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைப்பதுதான். தவறாமல் போட்டால் சிறுநீரகம் பிழைக்கும். ஆனால் சாதாரண ஆளுக்கு நாலு நாள் சளியாகப் போகிற கிருமி, அவரை ஐசியு வரைக்கும் கொண்டுபோகலாம்.

அப்பா வீட்டை விட்டு அதிகம் வெளியே போவதில்லை. வெளியே போய் வருகிற ஆள் நான்தான். அவருக்குக் கிருமி வந்தால் என் மூக்கு வழியாகத்தான் வர வேண்டும். அம்மா கொடுத்த சிறுநீரகம் என் சோம்பேறித்தனத்தால் போனது என்று ஆகிவிடக் கூடாது.

எங்கள் வீடு மட்டும் இல்லை. புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்கள், டயாலிசிஸ் போகிறவர்கள், மூட்டுவாதத்துக்கு ஸ்டீராய்டு எடுப்பவர்கள், 80 வயதைத் தாண்டிய பாட்டிகள் என்று உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள். அந்த வீட்டு ஆட்களும் பஸ்ஸில் உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்து வருகிறார்கள்.

ஊசி போட்டாச்சே, அப்புறம் என்ன?

ஊசி போட்டதால்தான் இன்று இவ்வளவு நிம்மதியாக இருக்கிறோம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்பாவுக்கு மூன்று டோஸும் நானே கூட்டிப்போய்ப் போட்டேன். ஆனால் ஊசி, நோய் முற்றிப் போகாமல் தடுக்கிற அளவுக்கு, நோய் தொற்றாமலேயே தடுப்பதில்லை. தொற்றைத் தடுக்கிற சக்தி சில மாதங்களில் குறைந்தும் போகும். கிருமியும் அதற்குள் உருமாறிக்கொள்கிறது. அப்பா மாதிரி எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு, ஊசிக்கு உடம்பு கொடுக்கிற பதிலே மற்றவர்களைவிடக் குறைவு.

ஊசி போட்டதாலதான் சின்ன வயசுப் பசங்க மாரடைப்புல சாகறாங்களாமே?

என்னிடம் அதிகம் கேட்கப்படுகிற கேள்வி இது. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15-ம் தேதி ஊசி போட்டுக்கொண்டார். 17-ம் தேதி மாரடைப்பில் இறந்தார். எங்கள் தெருவில் அடுத்த நாள் ஊசிக்குப் போக இருந்த நாலு பேர் போகவே இல்லை. அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். டிவியில் சிரித்துக்கொண்டே ஊசி போட்டவர் மறுநாள் விட்டு மறுநாள் இல்லை என்றால் யாருக்கும் அடிவயிறு கலங்கும். அவர் இறப்புக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்று மத்திய அரசின் நிபுணர் குழு அதே ஆண்டில் முடிவு சொன்னது. அந்தச் செய்தி முதல் செய்தியைப் போல ஊர் முழுக்கப் போய்ச் சேரவில்லை.

18 முதல் 45 வயதுக்குள் திடீரென்று இறந்தவர்களைப் பற்றிச் சென்னையில் இருக்கும் தேசிய நோய்த்தொற்றியல் நிறுவனம் ஆய்வு செய்தது. நாடு முழுக்க 47 மருத்துவமனைகளில் இருந்து தகவல் எடுத்து, இறந்த 729 பேரின் விவரத்தை, அதே வயதில் உயிரோடு இருக்கும் 2,916 பேரின் விவரத்தோடு ஒப்பிட்டார்கள். ஊசி அந்தத் திடீர் மரண அபாயத்தைக் கூட்டவில்லை. இரண்டு டோஸ் போட்டவர்களுக்கு அபாயம் குறைவாகவே இருந்தது. கூட்டியவை வேறு: கொரோனா வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தது, குடும்பத்தில் யாராவது திடீரென்று இறந்திருந்தது, இறப்பதற்கு முந்தைய இரண்டு நாளில் அளவு மீறிக் குடித்தது, அளவு மீறிய உடற்பயிற்சி செய்தது.

ஊசிக்குப் பக்கவிளைவே கிடையாது என்று நான் சொல்லவில்லை. கோவிஷீல்டு வகை ஊசியால் மிக மிக அரிதாக ரத்தம் உறைந்து, தட்டணுக்கள் குறைந்த ஆட்கள் உண்டு. ஆனால் அது ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வருவது. 2021-ல் போட்ட ஊசி இப்போது வந்து யாரையும் விழுத்தாட்டாது.

இப்ப வர்றது சாதாரண சளிதானே?

பெரும்பாலானவர்களுக்கு ஆமாம். அதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் எங்கள் ஆபீஸில் ஒரு பையன் இருக்கிறான். 30 வயதுகூட ஆகவில்லை. கிரிக்கெட் ஆடுவான். 2022 ஜனவரியில் அவனுக்கு வந்தது, நாலு நாளில் வேலைக்குத் திரும்பிவிட்டான். அப்புறம்தான் ஆரம்பித்தது. இரண்டாவது மாடி ஏறி வந்தால் ஃபைலை மேஜையில் வைத்துவிட்டு, பேசாமல் ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருப்பான். ரசீதில் பார்த்த தொகையை லெட்ஜரில் எழுதுவதற்குள் மறந்துபோய் மறுபடி ரசீதைப் பார்ப்பான். ஒரு வருஷம் அப்படி இருந்தான். "ஆள் சோம்பேறி ஆயிட்டான்" என்றுதான் எல்லோரும் பேசினோம். நானும் ஒருநாள் அப்படி நினைத்தேன் என்பதை எண்ணினால் இன்றும் மனசு உறுத்துகிறது.

இதற்கு நீண்டகாலக் கொரோனா என்று பெயர். நோய் வந்து மூன்று மாதம் ஆனபிறகும் களைப்பு, மூச்சு வாங்குதல், மூளை மந்தமாக இருப்பது போன்றவை விடாமல் இருந்து, அதற்கு வேறு காரணமும் தெரியவில்லை என்றால் இதுவாக இருக்கலாம். கொரோனா வந்தவர்களில் சுமார் 100-க்கு 6 பேருக்கு இப்படி ஆகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதல் தடவை லேசாக வந்து போனவர்களுக்கும் வரலாம். உங்கள் வீட்டில் யாராவது காய்ச்சலுக்கு அப்புறம் பழைய மாதிரி இல்லை என்றால், தயவுசெய்து அவர்களைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள்.

எந்த மாஸ்க்? துணி மாஸ்க் போதுமா?

துணி மாஸ்க் ஏதோ கொஞ்சம் தடுக்கும், அவ்வளவுதான். நான் போடுவது என்95. விலையைவிட முக்கியம், முகத்தில் ஒட்டி உட்காருவது. மூக்குப் பக்கம் கம்பியை இரண்டு விரலால் அழுத்திவிட்டு ஊதிப் பாருங்கள். கண்ணுக்குக் காற்று வந்தால், கண்ணாடியில் ஆவி படிந்தால், அந்த மாஸ்க் சரியாக உட்காரவில்லை. காதில் மாட்டுவதைவிடத் தலைக்குப் பின்னால் மாட்டும் வார் வைத்தது நன்றாகப் பிடிக்கும். முன்னால் பிளாஸ்டிக் வால்வு வைத்தது வேண்டாம், உங்கள் மூச்சு அப்படியே வெளியே போகும்.

தினமும் புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது. எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு ஆணி வரிசை இருக்கிறது. ஐந்து காகிதக் கவர். அம்மா கையெழுத்தில் திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. திங்கள் போட்டதைத் திங்கள் கவரில் போட்டு மாட்டிவிட்டால் அடுத்த திங்கள்தான் தொடுவேன். அதற்குள் அதில் ஒட்டியிருந்த கிருமி செத்துப்போகும். துவைக்கக் கூடாது, துவைத்தால் வடிகட்டும் தன்மை போய்விடும். வார் தளர்ந்தால், அழுக்கானால் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

காய்கறி கழுவறது, கபசுரக் குடிநீர் எல்லாம் இன்னும் உண்டா?

2020-ல் பால் பாக்கெட்டை சோப்புப் போட்டுக் கழுவினோம். நோட்டை இஸ்திரி போட்டவர்களும் உண்டு. தெரு முழுக்க மஞ்சள் தண்ணீரும் பிளீச்சிங் பவுடரும், வாசலில் வேப்பிலையும். அப்போது தெரிந்ததை வைத்துச் செய்தோம், தப்பில்லை. இது பெரும்பாலும் காற்றில் பரவுகிறது என்று பிற்பாடு தெளிவானது. சாமி ரூமில் ஏற்றின ஊதுபத்தி வாசனை அடுப்படிக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது? மூச்சோடு வெளிவரும் கிருமியும் அப்படித்தான் மூடின வீட்டுக்குள் சுற்றும். ஆள் எழுந்து போனபிறகும் அவர் விட்ட மூச்சு அங்கே இருக்கும். புகையைக் கலைக்க என்ன செய்வீர்களோ அதையே இதற்கும் செய்யலாம்: எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, அறையில் இருப்பதையே சுற்றிவிடும்.

கபசுரம் குடித்தால் தெம்பாக இருக்கிறது என்று அம்மா குடிக்கிறாள், அது அவள் இஷ்டம். அப்பாவுக்குக் கொடுப்பதில்லை. மாற்றுச் சிறுநீரகத்துக்கான மாத்திரையோடு எது சேரும், எது சேராது என்று டாக்டரைக் கேட்காமல் கஷாயம், லேகியம் எதுவுமே கூடாது.

கல்யாணம் காட்சிக்குப் போறது?

போகிறேன். முகூர்த்தத்துக்குப் போய், கதவோரமாக உட்கார்ந்து, மொய் எழுதி, தாம்பூலப் பையோடு வந்துவிடுவேன். பந்தியில் உட்காருவதில்லை. ஏசி மண்டபத்தில் கதவை அடைத்துக்கொண்டு, நூறு பேர் மாஸ்க் இல்லாமல் பேசிக்கொண்டே சாப்பிடுகிற இடம் அது. "சாப்பிடாம போறியே, எங்க வீட்டுச் சாப்பாடு பிடிக்கலையா" என்று சித்தி ஒருமுறை கண் கலங்கிவிட்டார். அது என்னை ரொம்ப வருத்தியது. அடுத்த கல்யாணத்தில் அதே சித்தி தூக்குச்சட்டியில் பாயசமும் இலையில் மடித்த வடையும் கட்டி வைத்திருந்தார். போட்டோ எடுக்கும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மாஸ்க்கை இறக்குகிறேன். டவுன் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் பார்த்து உட்காருவேன்.

மாஸ்க்கைப் பார்த்தாலே ஜனங்களுக்கு ஏன் எரிச்சல்?

இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். பஸ்ஸில் ஒரு அண்ணன், "இதப் பாத்தாலே அந்த நாளு ஞாபகம் வருது, எடுத்துரும்மா" என்று கேட்டார். அதட்டவில்லை, கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டார். யாரை இழந்தாரோ தெரியாது.

இங்கே மாஸ்க் என்பது அபராதமாக, லத்தியாக ஜனங்களிடம் வந்து சேர்ந்தது. ஸ்கூட்டரை நிறுத்தி 200 ரூபாய், அப்புறம் 500 ரூபாய் என்று வாங்கினார்கள். ஏன் போட வேண்டும், எப்படிக் காற்றில் பரவுகிறது என்று உட்கார வைத்துச் சொன்னவர்கள் குறைவு. சாத்தான்குளத்தில் 2020 ஜூனில், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்து வைத்ததாகச் சொல்லி ஜெயராஜைப் போலீஸ் கூட்டிப்போனது, அவரைத் தேடிப் போன மகன் பென்னிக்ஸையும் பிடித்து வைத்தது. இருவரும் உயிரோடு வீடு திரும்பவில்லை. கொரோனா விதி என்றால் அந்த ஊர்க்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது நோயாகவா இருக்கும்?

நோய் வந்தவர்களை நாம் நடத்திய விதமும் இருக்கிறது. வீட்டு வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள், சென்னையில் தகரம் வைத்து அடைத்தார்கள். அப்படிப் போஸ்டர் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொல்ல வேண்டி வந்தது. டெல்லி மாநாட்டுக்குப் போய் வந்தவர்களைச் சாக்காக வைத்து ஒரு மதத்தாரையே கிருமி மாதிரி பார்த்தார்கள். கோயம்பேட்டில் மூட்டை தூக்கிவிட்டு ஊர் திரும்பியவரை ஊருக்குள் விட மறுத்தார்கள். சென்னையில் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்தபோது, உடலை அடக்கம் செய்ய விடாமல் கும்பல் கூடிக் கல்லும் கட்டையும் வீசியது. ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்தது. நடுராத்திரியில், கூட வேலை பார்த்த டாக்டர் மண்வெட்டியை எடுத்து மண் தள்ளிப் புதைத்தார். சைமனின் மனைவி கேட்ட கல்லறையில் மறு அடக்கம் செய்ய 2021 மார்ச்சில்தான் உயர் நீதிமன்றம் அனுமதி கொடுத்தது.

இதையெல்லாம் செய்தவர்களும் அனுபவித்தவர்களும் நாம்தான். மறக்க நினைப்பது இயல்பு. நான் மாஸ்க்கோடு எதிரே வந்து நின்றால் மறக்க முடிவதில்லை, எரிச்சல் வருகிறது. எனக்கு அது புரிகிறது. அதனால் கேலி செய்கிறவர்களிடம் இப்போதெல்லாம் சண்டை போடுவதில்லை. "வீட்டுல அப்பாவுக்கு ஆபரேஷன் பண்ணிருக்கு" என்று மட்டும் சொல்வேன். பத்தில் எட்டுப் பேர் உடனே குரலை இறக்கி, "பாத்துக்கம்மா" என்பார்கள்.

உங்க வீட்டுல யாராவது போயிட்டாங்களா?

மாமா. 2021 மே மாதம். அந்த மே 21-ம் தேதி ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேருக்கு உறுதியானது, அதுதான் உச்சம். ஒரு ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் வரிசையில் ஆறு மணி நேரம் இருந்தார். விரலில் மாட்டின ஆக்ஸிமீட்டரில் 82, 79 என்று எண் இறங்குவதை நான் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். படுக்கை கிடைத்தது. மூன்றாம் நாள் போய்விட்டார். முகம் காட்டவில்லை.

டெஸ்ட் நெகட்டிவ், சிடி ஸ்கேனில் மட்டும் கொரோனா. அதனால் இறப்புச் சான்றிதழில் நிமோனியா என்று எழுதினார்கள். இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்று அரசு அறிவித்தபோது, இப்படிப்பட்டவர்கள் மாவட்டக் குழுவிடம் மனு கொடுக்கலாம் என்றார்கள். அத்தை போகவில்லை. "அந்தப் பேப்பர்ல என்ன எழுதினா என்ன" என்றார். தமிழ்நாட்டில் கொரோனாவால் இறந்தவர்கள் 38,000-க்குச் சற்று மேல் என்பது அரசுக் கணக்கு. அதில் மாமா இல்லை. 2020, 2021 இரண்டு வருஷத்தில் இந்தியாவில் வழக்கத்தைவிட 47 லட்சம் பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. மத்திய அரசு அதை ஏற்கவில்லை. எங்கள் தெருவில் மட்டும் இப்படிச் சான்றிதழ் வாங்கிய வீடுகள் மூன்று.

வீட்டில் ஒருவருக்கு வந்தால் என்ன செய்வது?

மருந்துக் கடையில் வீட்டிலேயே பார்க்கும் கிட் கிடைத்தால் இரண்டு வாங்கி வையுங்கள். முதல் நாள் நெகட்டிவ் வந்தாலும் நம்பிவிடாமல் இரண்டு நாள் கழித்து மறுபடி பாருங்கள். நோயாளிக்குத் தனி அறை, கதவை மூடி ஜன்னலைத் திறந்து, டேபிள் ஃபேனை ஜன்னலுக்கு வெளியே பார்த்து வையுங்கள். உள்ளே போகிறவரும் மாஸ்க், நோயாளியும் மாஸ்க். எங்கள் வீட்டில் தீபாவளி ஸ்வீட் வந்த தகர டப்பாவில் தெர்மாமீட்டர், ஆக்ஸிமீட்டர், டாக்டர் நம்பர் எழுதின அட்டை மூன்றும் இருக்கும். ஆக்ஸிஜன் 94-க்குக் கீழே போனால் காத்திருக்காதீர்கள், கிளம்புங்கள்.

வயதானவர், சர்க்கரை உள்ளவர், அப்பா மாதிரி ஆட்கள் என்றால் காய்ச்சல் வந்த அன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். கொரோனாவுக்கான வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகள் முதல் ஐந்து நாளுக்குள் ஆரம்பித்தால்தான் பலன். அவற்றில் ஒன்று, உறுப்பு மாற்றியவர்களின் மருந்தை ரத்தத்தில் ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும், அதனால் சிறுநீரக டாக்டருக்குத் தெரியாமல் யாரும் எழுதக் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரையைத் தானாக வாங்கிப் போடவே போடாதீர்கள். 2021-ல் கருப்புப் பூஞ்சை வந்து கண்ணை இழந்தவர்களில் பெரும்பாலானவர்கள் சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தவர்கள்.

நாங்க என்ன பண்ணணும்னு எதிர்பாக்குறீங்க?

எல்லோரும் மாஸ்க் போடுங்கள் என்று கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் போடுங்கள், அங்கே என் அப்பா மாதிரி ஆட்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள். தும்மல், இருமல் இருக்கிற அன்றைக்கு ஒரு வீட்டுக்குப் போவதாக இருந்தால், முதலில் ஒரு போன் செய்யுங்கள்.

பக்கத்து வீட்டு அக்கா அதைத்தான் செய்கிறார். தினமும் சாயந்திரம் அப்பாவோடு பேப்பர் படித்துப் பேச வருவார். போன வாரம் வந்தவர் கேட்டுக்கு வெளியேயே நின்றுவிட்டார். "சின்னவனுக்குக் காய்ச்சல்டி. ரெண்டு மூணு நாள் வரமாட்டேன். அப்பாகிட்ட சொல்லு, எடிட்டோரியல் பக்கத்த எடுத்து வைக்கச் சொல்லு." அப்பா அந்தப் பக்கங்களை மடித்து டப்பா மேலே வைத்திருக்கிறார். இன்றோடு நாலு சேர்ந்திருக்கிறது.